சுறா வருகிறது, நானூறு மீட்டர்

மாதம் ஒன்பதாயிரம். ஒரு விசில்.
சிவப்பில் ஒரு கொடி, பச்சையில் ஒன்று.
எந்நேரமும் அணைக்கக் கூடாத ஒரு போன்.
உவரிக் கடற்கரையில் எனக்கு இதுதான் உத்தியோகம்.

பயிற்சி கொடுக்க வந்த சார் சொன்னார்:
பதினெட்டுச் சுறாவைப் பிடித்து
முதுகுப் பீலியில் ஆளுக்கொரு கருவி பூட்டித்
திரும்பக் கடலில் விட்டிருக்கிறோம்.
தண்ணிக்குள் இருக்கும்வரை அது ஊமை.
பீலி வெளியே தெரிந்தால் பேசும்.
அது பேசினால் உங்கள் போன் அலறும்.
போன் அலறினால் நீங்கள் அலற வேண்டும்.

சுறாவை "ஆளுக்கொரு" என்றதில்
பின்வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது.
பெனிசியா மட்டும் எழுந்து கேட்டாள்:
மத்த சுறாவெல்லாம், சார்? கருவி இல்லாதது?
அதற்கு அடுத்த கட்ட நிதி வரும் என்றார்.

எங்களுக்குச் சுறா என்றால் புட்டு.
என் மகனுக்குப் பால் ஊறியதே
பால்சுறாவும் பூண்டும் உதிர்த்துத் தின்றதில்தான்.
அதைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு
கொடிகளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏழு மாதம் போன் வாய் திறக்கவில்லை.
பச்சைக் கொடி உப்புக்காற்றில் வெளிறி
கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது.
கடலிடம் சரணடைஞ்சாச்சா அக்கா என்றார்கள்
கூடுதாழைப் பையன்கள்.

அந்த ஏழு மாதத்தில் கடல் இரண்டு பேரை எடுத்தது.
ஒருவர் சங்கரன்கோவில் பக்கம்,
மொட்டைத் தலையில் சந்தனம் காயவில்லை.
இன்னொன்று பாவூர்சத்திரத்துப் பையன்,
பிளஸ் டூ.
இரண்டும் நீரிழுப்பு.
இழுப்புக்குப் பீலி கிடையாது,
கருவியை எங்கே பூட்ட.

தை மாதம் ஒரு செவ்வாய்.
கோவிலுக்கு வந்த சனம், அந்தோனியாருக்கு வந்த சனம்,
எல்லாம் ஒரே தண்ணியில் இடுப்பளவு நின்றது.
போன் அலறியது.

எண் பதினேழு. புலிச்சுறா. பெண்.
நீளம் இரண்டே முக்கால் மீட்டர்.
தூரம் நானூறு.

எப்படிச் சிவப்பை ஏற்றினேன், நினைவில்லை.
விசில் ஊதி ஊதி உதடு மரத்தது.
சனம் கரைக்கு ஓடியது. பிள்ளையைத் தூக்கியவர்கள்,
சேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்,
காதில் நுரையோடு ஒருவர்,
கையில் சோப்பை மட்டும் விடவில்லை.

முந்நூறு. இருநூற்றிப் பத்து.
கண்ணை இடுக்கிப் பார்க்கிறேன், பீலி இல்லை.
தண்ணிமேல் இருந்தது ஒரே ஒரு பைபர்,
டில்வினுடையது, எஞ்சினைக் குறைத்தபடி.
தொண்ணூறு.
நாற்பது.
பைபர் மணலில் ஏறி நின்றது.
தூரம் ஐந்து.

உள்ளே கிடந்தாள் பதினேழு,
வாலில் கயிறு, கண் திறந்தபடி.
பீலியில் பச்சைப் பொட்டாக ஒரு வெளிச்சம்
மின்னி மின்னி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
வலையில தானா வந்து விழுந்துட்டு, என்றான் டில்வின்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
இந்தப் பெட்டிய கழட்டிட்டு ஏலம் போடணுமா,
இதோடயே போடலாமா?

ஓடிய சனம் எல்லாம் திரும்பி வந்தது,
செல்பி எடுக்க.
சோப்புக்காரர் பல்லைத் தொட்டுப் பார்த்தார்.

நான் அறிக்கை நிரப்பினேன்.
ஆபத்து எந்தத் திசையில் சென்றது?
நான்கு திசையும் கொடுத்திருந்தார்கள்.
ஏலக்கூடம் வடக்கே இருக்கிறது.
வடக்கு என்று போட்டேன்.

கருவியைப் பத்திரமாக வைத்திரும்மா, என்றார் சார்,
வியாழக்கிழமை ஆள் அனுப்புகிறேன்.
சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு
திசையன்விளை பஸ்ஸில் ஏறினேன்.
டிக்கெட் வாங்கும்போது போன் அலறியது.
எண் பதினேழு. தூரம் பூஜ்யம்.
கண்டக்டர் என்னைப் பார்த்தார்.
எந்தக் கொடியும் கையில் இல்லை.

வீட்டிலும் விடவில்லை. சோறு வடிக்கையில் அலறியது,
விளக்கணைத்த பிறகும் அலறியது.
நடுச்சாமத்தில் எழுந்து
வாளியில் தண்ணி பிடித்து அதற்குள் போட்டேன்.
ஒரு கை உப்பும் போட்டேன், ஏனென்று தெரியாது.

போன் அடங்கியது.
கொஞ்ச நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி மட்டும்:
எண் பதினேழு ஆழத்துக்குச் சென்றுவிட்டது.
பொதுமக்கள் குளிக்கலாம்.

காலையில் பல்தேய்க்க வந்த மகன்
வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு
தெருக்குழாய்க்குப் போனான்.